முத்திரையில் தமிழ் இல்லை

தமிழ்லயா? தமிழ்ல அர்த்தம் சொல்ல மாட்டேன் தம்பி. கோவிச்சுக்காதீங்க. பிரெஞ்சு சொல்லு எதுவா இருந்தாலும் கொண்டாங்க, இங்கிலீஷ்ல சொல்றேன். அதுக்கப்புறம் அதைத் தமிழ்ல ஆக்குறது உங்க பாடு.

உள்ள வாங்க, வெயில்ல நிக்காதீங்க. வாசல்ல யாரு வந்து நின்னாலும் உள்ள கூப்பிடுறவன் நான், ஆளு யாரு எவருன்னு பாக்க மாட்டேன். அந்த நாற்காலி வேணாம், இப்பதான் பிரம்பு பின்னி வந்துச்சு. அந்த முக்காலியில உக்காருங்க. என்ன, மீன் வாடை அடிக்குது? மார்க்கெட்லேருந்து நேரா வர்றீங்களா? பரவாயில்ல, பரவாயில்ல, ஜன்னலைத் திறந்து வச்சா போயிடும். ஃபிலோமின்! தம்பிக்குத் தண்ணி கொண்டா. கண்ணாடி கிளாஸ் வேணாம், சொம்புல குடு.

அம்மா ஆஸ்பத்திரியில படுத்த படுக்கையா கிடக்குறாங்க, எப்பவோ காதுல விழுந்த ஒரு பிரெஞ்சு சொல்லு, அதுக்கு அர்த்தம் தெரியணும்ங்கிறாங்க. அப்படித்தானே சொன்னீங்க? அதுவும் என்கிட்டயே கேட்டுட்டு வரணும்னு சொல்லி அனுப்பியிருக்காங்க. பாத்தீங்களா! இந்தப் பாண்டிச்சேரியில பிரெஞ்சு தெரிஞ்சவன் தெருவுக்கு நாலு பேரு இருக்கான். ஆனா படுக்கையில கிடக்குற ஒரு கிழவிக்கு ஞாபகம் வர்றது இந்த முசே இஞ்ஞாசிதான். பேருன்னா இப்படி எடுக்கணும். சரி, என்ன சொல்லு அது... இருங்க, இருங்க. இப்ப சொல்லாதீங்க. முதல்ல நான் ஏன் தமிழ்ல சொல்றதில்லைன்னு கேட்டுக்கங்க. இல்லன்னா வெளிய போய், கிழவன் திமிர் புடிச்சவன்னு பேசுவீங்க.

இந்தா பாருங்க, இதுதான் என் முத்திரை. தொட வேணாம், தள்ளியிருந்தே பாருங்க. சத்தியப் பிரமாணம் பண்ணி வாங்கினது. பிரெஞ்சுலேருந்து இங்கிலீஷ். அவ்வளவுதான். இங்கிலீஷ்லேருந்து பிரெஞ்சு கூடக் கிடையாது, அதுக்கு வேற முத்திரை, வேற ஆளு. நம்மது ஒருவழிப் பாதை. ஒருவழிப் பாதையில எதுத்தாப்புல வண்டி ஓட்டினா போலீஸ்காரன் புடிப்பானா மாட்டானா?

மொழிபெயர்ப்புன்னா அகராதியைப் புரட்டுறதுன்னு நினைக்கிறாங்க. அகராதியா பிரமாதம்! சொல்லுக்கு ஒரு சாயல் இருக்கு தம்பி. நுவான்ஸ்ம்பாங்க. இப்ப பாருங்க, பிரெஞ்சுக்காரன் உங்க காலை மிதிச்சுட்டான்னா 'பர்தோன்'ம்பான். உங்க வேலையை முடிச்சுத் தர முடியலன்னா 'தெசொலே'ம்பான். உங்க வீட்டுல ஒரு துக்கம்னா 'நவ்ரே'ம்பான், குரலைத் தாழ்த்தி. இங்கிலீஷ்காரனுக்கு மூணுத்துக்கும் சாரி! கால் மிதிபட்டவனுக்கும் சாரி, தாலியறுத்தவளுக்கும் சாரி. அங்கதான் என் வேலை இருக்கு. எந்தச் சாரிக்கு முன்னாடி என்ன போடணும், பின்னாடி என்ன போடணும்னு ஒரு நாள் பூரா யோசிச்சிருக்கேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். பொன்னை நிறுக்குறவன் பூ வச்சு நிறுப்பானா?

அப்படிப்பட்ட என்னைத்தான் ஒரு சங்கத்துல சீட்டுக் கிழிச்சு அனுப்பினாங்க. ஏழெட்டு வருஷம் ஆச்சு. இன்னமும் ஆறல தம்பி, இங்க, நெஞ்சுல.

என்ன சங்கம்னா, இங்கேருந்து குழந்தையில தத்துப் போனதுங்க இருக்குல்ல, பிரான்சுல வளர்ந்து ஆளானதுங்க? அதுங்க திரும்பி வந்து பெத்தவளைத் தேடும். அந்தச் சங்கம் கண்டுபிடிச்சு, ஒரு அறையில உக்கார வச்சுச் சந்திக்க வைக்கும். அந்தச் சந்திப்புக்கு பிரெஞ்சுல 'ரெத்ருவாய்'ம்பாங்க. பிரிஞ்சதுங்க தேடிக் கண்டுபிடிச்சு மறுபடி ஒண்ணு சேர்றது. அத்தனையும் அந்த ஒரு சொல்லுக்குள்ள இருக்கு. அதுக்கு 'ரீயூனியன்'னு போர்டு எழுதி வச்சிருந்தாங்க, கழுதைங்க! ரீயூனியன்னா பள்ளிக்கூடத்துல ஒண்ணாப் படிச்சவன் கூடி பிரியாணி தின்னுறது. அதை அழிச்சுட்டு வேற எழுத வச்சேன் நான். அப்பவே அந்தச் செக்ரட்டரி அம்மாளுக்கு என்மேல காய்ச்சல்தான். மதாம் ரொசாலின்னு பேரு. சிரிச்சுக்கிட்டே கழுத்தறுப்பா.

அங்க ஒரு நடைமுறை. பேசுறது அத்தனையும் இங்கிலீஷ்ல பதிவாகணும், ரெண்டு நாட்டுக்கும் பொதுவா. அதனால பிள்ளை பிரெஞ்சுல பேசும். நான் இங்கிலீஷ்ல சொல்லுவேன். இங்கிலீஷைத் தமிழாக்க இன்னொரு ஆளு. தாய்க்காரி பேசினா அந்த ஆளு இங்கிலீஷ்ல சொல்லுவான், பிள்ளைங்களுக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் தெரியும், புரிஞ்சுக்கும். எனக்குத் தமிழ் தெரியாதான்னா தெரியும். இந்த ஊரு உப்பளத்துல பொறந்து வளர்ந்தவனுக்குத் தமிழ் தெரியாம இருக்குமா? ஆனா அது என் வேலை இல்ல. சமையக்காரனுக்குத் துணி துவைக்கத் தெரியும்னு அவன் தலையில அழுக்கு மூட்டையை வைப்பாங்களா?

அன்னைக்கு வந்தவ பேரு க்ளேர். லியோன் நகரம். நல்ல படிப்பு, நல்ல பிரெஞ்சு, காதுல தேன். நிறம் மட்டும் நம்ம ஊரு நிறம். தாய்க்காரி அஞ்சலாட்சி. பெரிய மார்க்கெட்ல மீன் ஆய்ஞ்சு குடுக்குறவ. என்ன... தெரியுமா உங்களுக்கு? ஓ, மார்க்கெட்காரர்ல நீங்க, தெரியாம இருக்குமா. இருக்காளா இன்னும்? படுத்துட்டாளா! ம். வயசாச்சுல்ல. எல்லாருக்கும் வர்றதுதான்.

அவ கதை பெரிய கதை இல்ல. புருஷன் கடலுக்குப் போனான், வரல. வயித்துக்கில்லாத காலத்துல பொட்டப்புள்ளையை ஒரு விடுதியில விட்டிருக்கா, கொஞ்ச நாள்ல கூப்பிட்டுக்கலாம்னு. கூப்பிடப் போனப்ப புள்ளை பிளேன் ஏறிப் போயிடுச்சு. கைநாட்டு வச்சுட்டு எதுல வச்சோம்னு தெரியலம்பாளுங்க. அப்புறம் சும்மா இருந்தாளா? வேற ஒருத்தனைச் சேத்துக்கிட்டு ஒரு பையனும் பெத்துக்கிட்டா. அவனும் அங்கதான் எங்கயோ ஐஸ் உடைக்கிறானாம். இந்த ஜனங்களே அப்படித்தான் தம்பி, உங்களைச் சொல்லல.

தண்ணி குடிங்க. ஏன் சொம்பைக் கையிலயே வச்சிருக்கீங்க?

அன்னைக்குப் பாத்து அந்தத் தமிழ் ஆளுக்குக் காய்ச்சல், வரல. அஞ்சலாட்சி கூட அவ அண்ணன் மக வெண்ணிலான்னு ஒரு பொண்ணு வந்திருந்துச்சு. செல்போன் கடையில வேலை, பன்னிரண்டாவது வரைக்கும் படிச்சிருக்கு. 'நீயே சொல்லும்மா'ன்னு ரொசாலி அதை உக்கார வச்சுட்டா. 'முசே, நீங்க கொஞ்சம் பாத்துக்கங்க'ன்னு என்கிட்ட சொல்லிட்டு வெளிய போயிட்டா. அரைகுறைப் பொண்ணு ஒண்ணு, நான் நிறுத்துக் குடுக்குற சொல்லையெல்லாம் வாங்கிக் கீழ கொட்டுது. எனக்கு எப்படி இருந்திருக்கும்?

அஞ்சலாட்சி நல்ல புடவை கட்டிக்கிட்டு வந்திருந்தா. தூக்கு ஒண்ணு கையில. மூடி போட்டிருந்தும் வாடை. மேசைமேல வைக்க வந்தா, 'கீழ வை'ன்னு கையைக் காட்டினேன். வச்சா. அப்புறம் அந்தப் பொண்ணு காதுல கிசுகிசுன்னா. என்ன தெரியுமா அவ கேட்ட முதல் கேள்வி? 'சாப்ட்டாளான்னு கேளுடி.' முப்பது வருஷம் கழிச்சுப் பெத்த புள்ளையைப் பாக்குறா தம்பி. கேக்க எவ்வளவோ இருக்கு. சாப்ட்டாளாவாம்! அந்தப் பொண்ணும் 'யூ ஈட்? யூ ஈட்?'ன்னு வாய்கிட்ட கையை வச்சுக் காட்டுச்சு. க்ளேர் சிரிச்சா, இல்லைன்னு தலையாட்டினா. அஞ்சலாட்சி தூக்கைத் தொடக் குனிஞ்சா. நான் ஒரு பார்வை பாத்தேன். நிமிந்துட்டா.

அதுக்கப்புறம் க்ளேர் பேசினா. எழுதி மனப்பாடம் பண்ணிக்கிட்டு வந்தவ மாதிரி, மேசையைப் பாத்துக்கிட்டே பேசினா. குரல் நடுங்குச்சு. குரலை நான் மொழிபெயர்க்க முடியாது, சொல்லைத்தான் முடியும். என்ன சொன்னான்னா: நான் தாயைத் தேடி வரல, எனக்கு ஒரு தாய் இருக்காங்க, நான் யாரு சாயல்னு பாக்க வந்தேன். நான் அதை எப்படி இங்கிலீஷ்ல கொடுத்தேன் தெரியுமா? தேடுறதுக்கு இங்கிலீஷ்ல நாலு சொல்லு இருக்கு. தொலைஞ்ச சாவியைத் தேடுறது, போலீஸ்காரன் வீட்டைத் தேடுறது, வேலை தேடுறது, எல்லாம் வேற வேற. அதுல சரியா ஒண்ணைப் பொறுக்கி எடுத்துப் போட்டேன். க்ளேரே நிமிந்து என்னைப் பாத்தா, அவ்வளவு சுத்தம்.

இந்த வெண்ணிலா என்ன பண்ணுச்சு? கொஞ்ச நேரம் அத்தை முகத்தையே பாத்துச்சு. அப்புறம், 'அத்தை, உன்னைப் பாக்கத்தான் அவ்வளவு தூரத்துலேருந்து வந்தேங்குது. நான் உன்ன மாதிரியே இருக்கேனாங்குது'ன்னுச்சு.

பொய்! பச்சைப் பொய் தம்பி! தாய் இருக்காங்கன்னு க்ளேர் சொன்னது எங்க? தேடி வரலன்னு சொன்னது எங்க? அப்படியே முழுங்கிடுச்சு, அந்தக் கிழவி வாயெல்லாம் பல்லாச் சிரிக்கிறா. கையை நீட்டி க்ளேர் முகத்தைத் தொடப் போறா. ஒரு பொய்யை நம்பிச் சிரிக்கிறா. இதைப் பாத்துக்கிட்டு மனுஷன் சும்மா இருக்க முடியுமா? வேலையில உண்மையா இருந்தவன் ரத்தம் கொதிக்குமா கொதிக்காதா?

அந்தப் பொண்ணை எழுந்து வெளிய போன்னேன். அழுதுக்கிட்டே போச்சு. கதவைச் சாத்தினேன். வாழ்க்கையிலேயே முதல் தடவையா, ஒரே ஒரு தடவை, என் முத்திரைக்கு வெளிய போய்த் தமிழ்ல சொன்னேன். 'இந்தாம்மா. அவ அப்படிச் சொல்லல. அம்மாவைத் தேடி நான் வரல. அம்மா எனக்கு இருக்கா. என் மூஞ்சி யாரு மூஞ்சின்னு பாத்துட்டுப் போவத்தான் வந்தேன். இதுதான் அவ சொன்னது.' எப்படி? ஒரு சொல்லு பிசகல பாருங்க. 'முகம்'னு சொல்லியிருக்கலாம். அவளுக்குப் புரியணுமேன்னு 'மூஞ்சி'ன்னேன். கேக்குறவனுக்கு ஏத்த சொல்லைப் போடுறதும் ஒரு வித்தை.

அவ நீட்டின கையை மடியில வச்சுக்கிட்டா. என்னையே பாத்தா. அப்புறம் ஒண்ணு கேட்டா. 'ஐயா, உங்களுக்குத் தமிழ் தெரியுங்களா?'

இதென்ன கேள்வி! அவ்வளவு பெரிய விஷயத்தைச் சொல்லியிருக்கேன், அதை விட்டுட்டு எனக்குத் தமிழ் தெரியுமான்னு கேக்குறா. தெரியும்னேன். 'சரிங்க ஐயா'ன்னா. எழுந்துட்டா. முந்தானையை இழுத்துச் சொருகிக்கிட்டு, யாரோ வெரட்டின மாதிரி கதவுக்கு நடந்தா. தூக்கை எடுக்கல.

க்ளேருக்கு ஒண்ணும் புரியல. நான் என்ன சொன்னேன்னு பிரெஞ்சுல கேட்டா. தப்பா சொன்னதைச் சரி பண்ணேன் மதாம்னேன். அவ அஞ்சலாட்சி முதுகைப் பாத்தா. சட்டுனு எழுந்தா, நாற்காலி பின்னால விழுந்துச்சு. அப்பத்தான் அதைச் சொன்னா. ஒரே ஒரு சொல்லு. 'ரெஸ்த்.'

என்ன தம்பி? ஏன் சொம்பைக் கீழ போட்டுட்டீங்க? விடுங்க, தண்ணிதானே, ஃபிலோமின் துடைப்பா. என்னமோ சொல்ல வர்றீங்க... இருங்க, இருங்க. நல்ல இடத்துல குறுக்க பேசாதீங்க. இதுலதான் வித்தையே இருக்கு.

ரெஸ்த். அந்தச் சொல்லு அழகைச் சொல்றேன் கேளுங்க. பஸ் ஸ்டாண்டுல ஒருத்தனை நிக்கச் சொல்றதுக்கு வேற சொல்லு. திருடனை நில்லுடான்னு சொல்றதுக்கு வேற சொல்லு. இது அது ரெண்டும் இல்ல. இது, போகாத, இரு, என்கூடவே இருங்குறது. கொழந்தை அம்மா புடவையைப் புடிச்சுக்கிட்டுச் சொல்லுமே, அது. அதுவரைக்கும் க்ளேர் அவளை 'வூ' போட்டுத்தான் பேசினா, நீங்க வாங்கன்னு. அப்படித்தான் பேசணும்னு நான்தான் முன்னாடியே சொல்லிக் குடுத்திருந்தேன். அந்த ஒரு சொல்லுல நீ, வான்னு வந்துட்டா. அம்மாவை நீன்னு கூப்பிடுறோமே, அப்படி. என்ன ஒரு நுவான்ஸ்! நான் பாடம் எடுக்குற எடத்துலயெல்லாம் இந்த உதாரணத்தைத்தான் சொல்றேன். பசங்க எழுதி எழுதி வச்சுக்குறாங்க.

அஞ்சலாட்சி நின்னா. அந்தக் குரல் அவளை நிப்பாட்டிடுச்சு. நிலைக்கட்டையைப் புடிச்சுக்கிட்டுத் திரும்பினா. க்ளேரைப் பாக்கல தம்பி. என்னைப் பாத்தா. என் வாயையே பாத்துக்கிட்டு நின்னா.

நான் என்ன பண்ணணும்? யோசிங்க. ஒரு தடவை விதியை மீறினது போதும், இனி நம்ம பாதைக்கு வந்துடணும்னு முடிவு பண்ணேன். இங்கிலீஷ்ல மூணு சொல்லு இதுக்கு. 'வெயிட்' போட்டா பஸ்ஸுக்குக் காத்திருக்குற மாதிரி ஆயிடும். 'ரிமெய்ன்' போட்டா கோர்ட்டு வாடை. ஒரு நொடி யோசிச்சேன், ஒரே நொடி. 'ஸ்டே'ன்னேன். அவ அசையல. சரி, காதுல விழலையோன்னு உரக்க, நிறுத்தி, மறுபடி சொன்னேன். 'ஸ்டே.' அதைவிடத் தெளிவா அந்தச் சொல்லை எவனாலயும் இங்கிலீஷ்ல சொல்ல முடியாது, எழுதித் தர்றேன்.

கொஞ்ச நேரம் பாத்தா. என் வாயிலேருந்து இன்னும் என்னமோ விழும்னு பாத்தா போல. அப்புறம் திரும்பிப் போயிட்டா. வெளிய நின்ன பொண்ணையும் கையைப் புடிச்சு இழுத்துக்கிட்டுப் போயிட்டா. பெத்த புள்ளை இருன்னு கெஞ்சுது, திரும்பிக் கூடப் பாக்காம போறா. இப்படி ஒரு கல் நெஞ்சு உண்டா?

அவளுக்குப் புரிஞ்சுதான்னு க்ளேர் என்கிட்டக் கேட்டா. நான் தெளிவாத்தான் சொன்னேன் மதாம்னேன். பொய் சொல்லலையே? அவ அப்படியே தரையில உக்காந்தா. அந்தத் தூக்கைத் திறந்தா. சங்கரா மீன் குழம்பும் சோறும். கையை விட்டு அள்ளி அள்ளித் தின்னா தம்பி, பிரெஞ்சுக்காரி! தின்னவும் தெரியல, சட்டையெல்லாம் குழம்பு. கண்ணுல தாரை தாரையாத் தண்ணி. முள்ளு குத்திச்சோ, காரமோ. அந்த அறையில வாடை போக ஒரு வாரம் ஆச்சு. சாயங்காலமே மெட்ராஸுக்குக் காரு ஏறிட்டா. ரொசாலி எத்தனையோ தடவை கூப்பிட்டுப் பாத்தா, 'அவங்களுக்கு நான் வேணாம், அவங்களைத் தொந்தரவு பண்ணாதீங்க'ன்னு ஒரு பதில் வந்துச்சாம். அதோட சரி.

அந்த வெண்ணிலா சும்மா இருக்குமா? முசே தமிழ்ல பேசினாருன்னு ரொசாலிகிட்டப் போய் வத்தி வச்சிடுச்சு. விதியை மீறினதா என்மேல பழி. பட்டியல்லேருந்து என் பேரை எடுத்துட்டாங்க. ஊரெல்லாம் பொய் பேசுறவன் இருக்கான், உண்மையை ஒரு தடவை தமிழ்ல சொன்னதுக்கு எனக்கு இந்தக் கதி. அன்னைக்கே சத்தியம் பண்ணேன், இனி தமிழ் கிடையாதுன்னு. கடைசியா க்ளேர் என்ன சொன்னான்னு இன்னிக்கு வரைக்கும் ஒருத்தர் என்கிட்டக் கேக்கல. என் குற்றத்தைத்தான் கேட்டாங்க, என் வித்தையை எவன் கேட்டான்?

ஆச்சு, என் கதை முடிஞ்சுது. இப்ப சொல்லுங்க, உங்கம்மா கேக்கச் சொன்ன சொல்லு என்ன?

என்ன, எழுந்துட்டீங்க? ஏன் தம்பி, முகமெல்லாம் ஒரு மாதிரி இருக்கு? அழறீங்களா என்ன? நான் பட்டதைக் கேட்டு அழறீங்களா? பரவாயில்ல, உங்களுக்காவது மனசு இருக்கே.

ஆஸ்பத்திரிக்கா? போகலாம், போகலாம், என்ன அவசரம். நீங்க வந்த காரியம் இன்னும் ஆகலையே! அந்தச் சொல்லை நீங்க சொல்லவே இல்லையே! இங்கிலீஷ்ல நல்லா எழுதி, முத்திரை குத்தித் தர்றேன், அம்மா பக்கத்துல வச்சுக்கட்டும்... தம்பி! செருப்பைக் கூடப் போடாம ஓடுறீங்களே! ஃபிலோமின், அந்தக் கேட்டைப் புடி. தம்பி, இருங்க! போகாதீங்க, இருங்க தம்பி! இருங்கன்னு தமிழ்லதானே சொல்றேன், காதுல விழலையா?